மேலே பெயிண்ட், உள்ளே துரு



அறந்தாங்கியில் என் மாமு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சர் கடை நடத்தினார். உடல்நலம் குன்றிய பின் இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தக் கடை, அவர் மௌத்தான பிறகு அவருடைய மகனின் கைக்கு வந்தது. மச்சான் அதை மீண்டும் திறக்க விரும்பினார். கடையில் விலைபெறும் பொருள் என்று இருந்தது ஒரு கம்ப்ரசர் மட்டுமே. மோட்டாரைக் காயில் கட்டிக் கொடுத்தார் ஒருவர்; பம்புக்குப் புது ரிங் போட்டார் இன்னொருவர். அடியில் படுத்திருந்த 200 லிட்டர் ஏர் டேங்க்கைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. அது வெறும் டேங்க் தானே! சுரண்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் பச்சை பெயிண்ட் அடித்து முடித்த பிறகு தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

நான் சிங்கப்பூரில் பதினோரு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே தொழிற்கூடத்தில் இருக்கும் ஒரு காற்றுக்கலனை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் வந்து பார்த்தாக வேண்டும். தேதி கடந்த கலனில் காற்று ஏற்ற எங்கள் ஃபோர்மேன் ஒருபோதும் விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் மச்சானிடம் கேட்டேன்: "இதை எப்ப டெஸ்ட் பண்ணினீங்க?"

மச்சான் சிரித்தார். ஒரு சுத்தியலை எடுத்து டேங்க்கின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். ணங் என்று ஒலித்தது. "சத்தத்தைக் கேட்டீங்களா மச்சான்? பழைய இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகரம். அத்தா காலத்துல முப்பது வருஷம் ஒண்ணும் ஆகல. அல்லாஹ் பார்த்துக்குவான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு தட்டலைப் பற்றியது. நம் ஊர்களில் எத்தனை பஞ்சர் கடைகள், ஒர்க்ஷாப்புகள், பெயிண்ட் பட்டறைகள் அந்தத் தட்டலை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணும்போது தூக்கம் வருவதில்லை.

டேங்க்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதைத் திறக்கச் சொன்னேன். திறக்க முடியவில்லை, துரு பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனர் போட்டு ஒருவழியாகக் கழற்றியதும் தேயிலைக் கஷாயம் போன்ற தண்ணீர் கொட்டியது. வடிந்து முடிந்த தரையில் செதில் செதிலாக இரும்பு கிடந்தது. அரை வாளிக்கு மேல் இருக்கும். கம்ப்ரசரை இரண்டு ஆண்டுகள் ஓட்டவே இல்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அதற்கு முன் எத்தனை ஆண்டுகளாக அந்தத் தண்ணீர் அங்கே தங்கியிருந்ததோ!

இந்தத் தண்ணீரை யாரும் ஊற்றுவதில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றிலேயே அது இருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து கடற்கரை அதிகத் தொலைவில்லை. மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் நீராவி கலந்திருக்கும். கம்ப்ரசர் பத்து கன மீட்டர் காற்றை உறிஞ்சினால் ஒரு டம்ளர் தண்ணீர் அதனோடு உள்ளே போகிறது. காற்றைப் பத்து மடங்கு அழுத்திக் குளிரவிட்டால் அந்த நீராவியில் பெரும்பகுதி தங்க இடமின்றித் துளியாகி அடியில் தேங்குகிறது. ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது. ஆகவே காற்று டேங்க் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்தே அதிகம் துருப்பிடிக்கிறது. அதுவும் தண்ணீர் நிற்கும் அடிப்பகுதியில், ஒரு கோடு போல. முதுகில் சுத்தியலால் தட்டினால் ணங் என்று தான் ஒலிக்கும். முதுகு நன்றாகத் தான் இருக்கிறது.

இங்கே ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்ததை மச்சானிடம் சொன்னேன். நம்மில் பெரும்பாலோர் மதரஸாவில் கேட்டது தான். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதற்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கடுமையாக எச்சரித்தார்கள். பலமுறை கேட்ட இந்தச் சம்பவத்தில் ஒரு நுணுக்கத்தை அன்று தான் கவனித்தேன். அவர்கள் குவியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை. கையை உள்ளே விட்டார்கள்.

டேங்க்குக்குள் கையை விட முடியாது. அதற்குப் பதிலாக வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன், இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு.

நம் கடைகளில் 150 பவுண்டு என்று சொல்கிறோமே, அந்த அழுத்தத்தில் டேங்க்கின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் பத்துக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசை வெளியே தள்ளுகிறது. ஐம்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்க்கின் ஒரு பக்க மூடியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 20 டன். நான்கைந்து யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம். 200 லிட்டர் டேங்க்கில் அந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்று ஒரே நொடியில் விடுபட்டால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை ஒன்பது மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. பெட்ரோல் வேண்டாம், தீப்பொறி வேண்டாம். காற்று மட்டும் போதும்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. நமக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்சியில், 2022 அக்டோபர் தொடக்கத்தில், தீபாவளிக்குத் துணி எடுக்க மக்கள் நெருக்கியடித்த மெயின்கார்டு கேட் பகுதிக் கடைத்தெருவில், பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் ஒன்று வெடித்தது. ஒருவர் அங்கேயே உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். அந்தச் சிலிண்டரில் இருந்தது ஹீலியம் என்று செய்திகள் கூறின. ஹீலியம் எரியும் வாயுவே அன்று. தீயை மூட்டிக் கொடுத்தாலும் அது எரியாது. ஆகவே அந்த உயிரைப் பறித்தது வாயுவின் இயல்பு அன்று, அழுத்தம். பலூன் சிலிண்டரின் அழுத்தம் நம் டேங்க்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை தான். ஆனால் நம் டேங்க்கின் கொள்ளளவும் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதன் பக்கத்தில் நாள் முழுவதும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மச்சானின் கடையில் உட்காரப் போகிறவன் அவருடைய தங்கை மகன். வயது பத்தொன்பது.

அதற்காகத் தான் தண்ணீரைக் கொண்டு சோதிக்கிறார்கள். டேங்க் முழுவதும், மேலே ஒரு குமிழிகூட இல்லாமல், தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். வழக்கமான அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடுதலாக ஏற்றிச் சற்று நேரம் நிறுத்தி, கசிவும் வீக்கமும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தண்ணீர் காற்றைப் போல் சுருங்குவதில்லை. அதனால் ஆற்றலை அடைத்து வைத்துக்கொள்வதும் இல்லை. அதே 200 லிட்டர் தண்ணீர் அதே 150 பவுண்டில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல், ஒரு செங்கல்லைத் தலையுயரத்துக்குத் தூக்கும் அளவு தான். டேங்க் கிழிந்தால் தண்ணீர் பீறிட்டுத் தரை நனையும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நேராது. சிலர் "கூடுதலாகக் காற்றடித்துப் பார்த்துவிடலாம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். துருப்பிடித்த டேங்க்கில் அதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை. வெடிக்குமா என்று வெடிக்கவைத்துப் பார்ப்பது அது.

ஆனால் தண்ணீர்ச் சோதனையும் இன்று தாங்குகிறது என்று மட்டுமே சொல்லும். இரும்பு எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குச் சுவரின் கனத்தை அளக்க வேண்டும். கைக்கடக்கமான கருவி ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு பசையைத் தடவி அதன் முனையை வைத்தால், ஒலியலையை உள்ளே அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டிவிடும். டேங்க்கை வெட்ட வேண்டாம், திறக்க வேண்டாம். திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை இருப்பதால் அதைச் சுற்றிலும் துவாக்குடி வரை அழுத்தக்கலன் வேலை தெரிந்த பட்டறைகள் நிறைய உள்ளன. நாட்டின் அனல் மின் நிலையங்களுக்கெல்லாம் கொதிகலன் செய்து அனுப்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாம் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மச்சானுடன் இரண்டு நாள் வாதாடி, ஒரு குட்டியானையில் டேங்க்கை ஏற்றி அங்கே கொண்டு சென்றேன். அடித்த பச்சை பெயிண்ட்டை ஆங்காங்கே சுரண்ட வேண்டியிருந்தது. மச்சானுக்கு அது ஒரு வருத்தம். முதுகில் ஏறத்தாழ 5 மி.மீ. காட்டியது. மச்சான் என்னைப் பார்த்தார். பக்கவாட்டில் 4. அடிப்பக்கம் திருப்பி வைத்ததும் 3, இரண்டரை, பிறகு வால்வுக்கு ஒரு சாண் தள்ளி 2க்கும் கீழே. அதே வரிசையில், பெயிண்ட்டுக்கு அடியில், யாரோ எப்போதோ வெல்டிங் வைத்து அடைத்த ஒரு பொத்தலின் தழும்பும் இருந்தது.

அந்தத் தழும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டேங்க்கில் ஊசித்துளை விழுந்து காற்று சீறினால் அதை ஒரு வகையில் அல்லாஹ்வின் அருள் என்றே சொல்வேன். எச்சரிக்கை கிடைத்துவிட்டது. ஓர் இடத்தில் ஊசித்துளை விழுகிறது என்றால் அதைச் சுற்றியுள்ள இரும்பு காகிதம் போல் ஆகிவிட்டது என்று பொருள். நாமோ உடனே வெல்டரிடம் கொண்டு போகிறோம். அவர் மெலிந்த இரும்பின்மேல் நெருப்பை வைத்து அந்த ஒரு துளையை அடைக்கிறார். சுற்றிலும் உள்ள இரும்பு சூட்டில் இன்னும் பலவீனமாகிறது. சீறலும் நின்றுவிடுகிறது, எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்த கதை தான். வெல்டரைக் குறை சொல்லவில்லை. நூறு ரூபாய்க்கு அடைத்துத் தரச் சொன்னவர்கள் நாம். இருந்தாலும் மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அழுத்தக்கலனில் வெல்டிங் வைப்பதற்குத் தனிப் பயிற்சியும் சான்றும் இருப்பது வீணுக்கு அன்று.

அன்றே வெடித்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2 மி.மீ. இரும்பும் சில காலம் தாங்கக்கூடும். எவ்வளவு காலம் என்று சொல்ல எவராலும் இயலாது என்பது தான் அங்கிருந்த சங்கடம். அளந்து காட்டிய அந்தப் பெரியவரும் அதையே சொன்னார்: "பாய், நான் இதுல காத்து ஏத்த மாட்டேன். அவ்வளவு தான் சொல்ல முடியும்."

திரும்பும் வழியில் மச்சான் அதிகம் பேசவில்லை. கீரனூர் அருகே டீ குடிக்க இறங்கியபோது மெதுவாகச் சொன்னார், பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் இந்த டேங்க்கை ஆறாயிரத்துக்குக் கேட்கிறார் என்று. "அவர் லேசா ரெண்டு சக்கர வண்டிக்கு மட்டும் தான் காத்து பிடிக்கப் போறார், மச்சான். சொல்லிட்டே கொடுத்துடலாமே?"

இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறையைச் சொல்லி விற்பது மார்க்கத்தில் கூடும் தானே? கிழிந்த துணியைக் கிழிசலைக் காட்டி விற்கலாம். ஆனால் கிழிந்த துணியால் வாங்குபவருக்கு மட்டும் தான் நட்டம். இந்தப் பொருளின் நட்டம் விலை பேசாத மூன்றாம் மனிதரின்மேல் விழும்: சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்து நிற்கும் பள்ளிப் பிள்ளை, அடுத்த கடையில் இட்லி சாப்பிடுபவர். அவர்களிடம் யார் குறையைச் சொன்னார்கள்? பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் நடப்பவர் அவற்றின் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். எவரையும் குத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் பற்றிக்கொள்ள வேண்டும். எனவே என் தீர்ப்பு, தவறாக இருந்தால் ஆலிம்கள் திருத்தட்டும்: இத்தகைய டேங்க்கை டேங்க்காக விற்கக் கூடாது. இரும்பாக மட்டுமே விற்கலாம். அதுவும், மறுபடி எவரும் காற்று ஏற்ற முடியாதபடி வெட்டிய பிறகு.

காயலான்கடையில் முழு டேங்க்காகப் போட்டால் அது மீண்டும் பெயிண்ட் பூசிக்கொண்டு ஏதோ ஒரு கடை வாசலில் முளைத்துவிடும். மாமுவும் இதை அப்படி ஒரு கடையில் தான் வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. (காயலான்கடை என்ற சொல்லே பழைய பொருள் வாணிபம் செய்த காயல்பட்டினத்து நம் மக்களால் வந்தது என்று சொல்வதுண்டு. அப்படியானால் இதில் நமக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல்.) முப்பது ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்ற மச்சானின் கணக்கும் அங்கே அடிபட்டது. அந்த டேங்க்கின் வயது முப்பதா ஐம்பதா என்று சொல்ல எவரும் இல்லை. தயாரித்த ஆண்டும் தாங்கும் அழுத்தமும் பொறித்த தகடு என்றோ பிய்ந்து போயிருந்தது. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டு இருந்தது. வால்வு அடிக்கடி சீறித் தொல்லை கொடுத்ததால் மாமு தான் மாற்றினாராம். அல்லாஹ் அவரை மன்னித்து அருள்வானாக. குக்கரின் சேஃப்டி வால்வை அடைத்துவிட்டு அடுப்பில் வைக்க நம் வீட்டுப் பெண்கள் எவரும் துணிவதில்லை. ஆண்கள் தான் கடையில் துணிகிறோம்.

"அல்லாஹ் பார்த்துக்குவான்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலேயே வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வையுங்கள் என்ற கருத்தில் விடை கிடைத்ததைத் திர்மிதீ அறிவிக்கிறது. இதை நாம் எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் கயிற்றை மறந்துவிடுகிறோம். என்னையும் சேர்த்துத் தான் சொல்கிறேன். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஏணியில் கால் வைக்காத நம் பிள்ளைகள், ஊருக்கு வந்ததும் வெறுங்காலுடன் மாடி விளிம்பில் நின்று வெல்டிங் அடிப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்? நானும் விடுமுறைக்கு வந்த பதினோரு ஆண்டுகளில் மாமுவின் கடைத் திண்ணையில் நூறு முறையாவது உட்கார்ந்திருப்பேன், அந்த டேங்க்குக்கு இரண்டு முழம் தள்ளி. ஒருமுறைகூட அந்த வால்வைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் இருந்துவிட முடியாது. 1863இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்து மக்கள் மாண்ட பின்பு தான் 1864இல் வங்காளத்தில் அதற்குச் சட்டம் வந்தது. 1923இல் நாடு முழுமைக்குமான கொதிகலன் சட்டம் ஆனது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அழுத்தக்கலன்களுக்கென்று 31ஆம் பிரிவை வைத்தது. எல்லாம் நல்ல சட்டங்களே. ஆனால் அவை தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஒருவரும் ஒரு பையனும் நடத்தும் பஞ்சர் கடையின் வாசலுக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. வந்தால் நாம் கடையைச் சாத்திவிடுவோம் என்பதும் உண்மை.

ஆகவே ஜமாஅத்துகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பல ஊர்களில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகள் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. அவற்றில் பஞ்சர் கடைகளும் பட்டறைகளும் உண்டு. வாடகையை உயர்த்தக் கூட்டம் போடுகிறோம். அந்தக் கூட்டத்திலேயே இதையும் பேசலாம். ஒரு கடைக்காரர் தனியாக டேங்க்கைக் கழற்றித் திருச்சிக்கு ஏற்றிச் செல்வது பெருஞ்செலவு; ஒரு நாள் வியாபாரமும் போகும். அளக்கும் கருவியோடு ஒருவரை ஊருக்கு அழைத்து வந்தால் ஒரே நாளில் பத்துக் கடைகளைப் பார்த்துவிடலாம். செலவைப் பத்தாகப் பங்கிட்டால் பெரிதாக இராது. டேங்க் கழிந்துவிட்டது என்று தெரிந்து, புதிது வாங்க வழியில்லாதவருக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுப்பதைவிட நல்ல செலவு எது? கடை ஜமாஅத்துடையதாக இருந்தால் சகோதர சமுதாயத்தார் நடத்தும் கடைக்கும் இது பொருந்தும். வெடிக்கும் டேங்க் யார் எந்தச் சமுதாயம் என்று பார்ப்பதில்லை.

அதுவரை ஒவ்வொரு கடைக்காரரும் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு, காசு தேவையில்லை. இரவு கடை சாத்துமுன் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சீறவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். மீட்டர் முள் உடைந்திருந்தால் ஓட்டாதீர்கள். டேங்க்கை மண்ணில் படுக்க வைக்காதீர்கள். பழைய கேஸ் சிலிண்டரில் பிரிட்ஜ் கம்ப்ரசரை மாட்டிக் காற்று டேங்க் செய்யும் கெட்டிக்காரத்தனத்தை விட்டுவிடுங்கள். எங்கேனும் கசிந்தால் வெல்டரிடம் போகாதீர்கள், அந்த டேங்க்கின் காலம் முடிந்தது.

மச்சானின் டேங்க்கை நடுவில் இரண்டாக வெட்டச் சொன்னோம். வெட்டிய பிறகு உட்புறத்தை ஒருமுறை பார்க்க மச்சான் தம் மருமகனையும் அழைத்து வந்திருந்தார். அடியில் புற்று அரித்த மரம் போல் இருந்தது. பையன் விரலால் சுரண்டினான், இரும்பு உதிர்ந்தது. மச்சான் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அத்தா தினமும் இதுக்குப் பக்கத்துல தான் லுஹர் தொழுவாங்க" என்றார்.

புது டேங்க் தவணையில் வந்திருக்கிறது. பெயர்த் தகட்டின்மேல் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொள்ளும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஜமாஅத் கூட்டத்தில் சென்ற வாரம் இதைப் பேசினோம். முடிவு ஒன்றும் எட்டவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கூட்டம் கலைந்த பின் மூன்று கடைக்காரர்கள் வந்து தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவருடைய டேங்க்கும் காயலான்கடையில் வாங்கியது தான்.